மாட்டேன் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்

பெறுநர்: அறநெறி மற்றும் மருத்துவப் பதிவு வாரியம், தேசிய மருத்துவ ஆணையம், புது டெல்லி.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. தென் மாவட்டம் ஒன்றில் 34 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவள். ஊரில் 'நர்ஸம்மா' என்பார்கள். உங்கள் பதிவேட்டில் என் பெயர் இருக்காது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்களின் அறை வாசலில், கர்ப்பிணிகளைக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் இன்னொரு சர்வீஸ் தேறும். அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மகள் சட்டம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது ஒரு நாள், 2002-ஆம் வருடத்து மருத்துவர் நடத்தை விதிமுறைகளைச் செல்போனில் திறந்து வைத்து, "அத்தை, இதைக் கேளுங்க" என்று 7.15 என்ற விதியை வாசித்துக் காட்டினாள். மருத்துவத் தேவை இருக்கும்போது, மத காரணத்தை மட்டும் சொல்லி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், கருத்தடை, சுன்னத், கருக்கலைப்பு ஆகியவற்றைச் செய்யவோ அதற்கு உதவவோ ஒரு டாக்டர் மறுக்கக் கூடாது. தனக்கு அந்தத் திறமை இல்லை என்று அவர் நினைத்தால் மட்டும் விலக்கு. ஒழுங்கீனங்கள் என்ற அத்தியாயத்தில் இது இருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு விதி இருப்பது 34 வருடத்தில் எனக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்த்த டாக்டர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் சந்தேகம்தான். சுன்னத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள். எழுதியவர் யாரோ, எல்லா மதத்துக்காரரையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். சரி, இரண்டு டாக்டர்களின் கதையைச் சொல்கிறேன். இரண்டு பேருமே மறுத்தவர்கள்.

முதல் கதை 1991-இல் நடந்தது. எங்கள் பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு நல்ல பெயர். டாக்டர் ஒரு கன்னியாஸ்திரி. ஏற்கெனவே இரண்டு குழந்தையும் சிசேரியனில் பெற்ற ஒரு பெண்ணை மூன்றாவது பேற்றுக்கு அங்கே காட்டிக்கொண்டிருந்தோம். எட்டாம் மாதச் செக்கப்பில் அந்த சிஸ்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நர்ஸம்மா, இவளுக்கு இது மூணாவது சிசேரியன். இதோட நிறுத்தியாகணும், அது எனக்கும் தெரியும். ஆனா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எங்க சபை விதிப்படி இங்க கிடையாது. நான் குழந்தையை எடுத்துட்டு அப்படியே தைச்சு அனுப்பிட்டா, அதுக்காக இன்னொரு தடவை வயித்தைத் திறக்கணும். அது நான் இவளுக்குச் செய்ற அநியாயம். இப்பவே ஜி.எச்.சுக்கு மாத்திடுங்க" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. முழுப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முந்தின இரண்டு ஆபரேஷனும் எப்போது, ஏன் நடந்தன, ரத்த வகை என்ன, ரத்தம் எவ்வளவு இருக்கிறது, பிரஷர், பிள்ளை எப்படிக் கிடக்கிறது, தழும்பில் வலி சொல்கிறாளா என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது: குழந்தை பிறக்கும்போதே கருத்தடையும் செய்துகொள்ள இவர் விரும்புகிறார், தயவுசெய்து செய்து கொடுங்கள். தன் கையால் செய்யக் கூடாது என்று நம்பிய ஒன்றை, அந்தப் பெண் விரும்புகிறாள் என்பதற்காகத் தன் கையெழுத்தில் கேட்டு எழுதினார். ஜி.எச்.சில் அந்தக் கடிதத்தை நீட்டியதும் மறு பேச்சில்லாமல் அட்மிஷன் போட்டார்கள்.

உங்கள் 7.15-ஆம் விதி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த சிஸ்டர் ஒழுங்கீனம் செய்தவர். அவர் சொன்ன கொள்கையை நானும் ஏற்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள்தான் நான். என் கையால் போட்ட காப்பர்-டி எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்த மறுப்பால் ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை.

இரண்டாவது கதை 2010. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பெண், 34 வயது, இரண்டு பிள்ளைகள். காப்பர்-டி போட்டிருந்தும் தரித்துவிட்டது. புருஷன் கேரளாவில் கட்டட வேலை. 1971-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே கருத்தடை தவறிய மணமான பெண்ணுக்கு இடம் உண்டு. என்னிடம் வந்தபோது 11 வாரம். அன்றைய சட்டப்படி 12 வாரம் வரை ஒரு டாக்டர் கையெழுத்துப் போதும், அதைத் தாண்டினால் இரண்டு டாக்டர் வேண்டும். நாள் இருக்கிறது என்று தைரியம் சொல்லித் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம்.

முதல் நாள், "ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க." சரி, நியாயம். இரண்டாவது தடவை ஸ்கேன். ஸ்கேன் எடுப்பவர் அன்றைக்கு லீவு, திங்கள் வாருங்கள். மூன்றாவது தடவை ஸ்கேன் ஆகிவிட்டது, "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்." பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது சட்டம். எனக்கு அது அரைகுறையாகத் தெரியும், எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. அவர் பாலக்காட்டிலிருந்து இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நான்காவது தடவை, தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாள் தள்ளிப் போச்சே, இனிமே இங்க முடியாது, மெடிக்கல் காலேஜுக்குப் போங்க" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் கிடையாது, கனிவாகத்தான் சொன்னார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சாமி படம் இருந்தது. எந்த சாமி என்பது இங்கே தேவையில்லை.

மெடிக்கல் காலேஜுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். அந்தப் பெண் போகவில்லை. ஏற்கெனவே நான்கு நாள் கூலி போயிருந்தது. யாரோ சொல்லி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். விடிகாலை நான்கு மணிக்கு அவள் மகன் சைக்கிளில் வந்து என் கதவைத் தட்டினான். நான் போனபோது உரச்சாக்கை விரித்து அதன் மேல் படுத்திருந்தாள். பாய் நனைந்தால் வீணாகிவிடும் என்று அவளே விரித்துக்கொண்டதாம். 108 வந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, மாத்திரை வாங்கப் போன இடத்தில் அந்தத் தாலுகா ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட்டிடம் இந்தக் கதையைச் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அந்த டாக்டரம்மா கலைப்பு கேஸ் தொடமாட்டாங்களே. பாவம்னு நினைக்கிறவங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பார்மசிஸ்ட்டுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டாஃப் நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் இரண்டே பேர்: நான், என்னோடு வந்தவள். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு பஸ் ஏறியிருப்போம். அன்று அவளுக்கு 11 வாரம்.

ஐயா, அம்மா, உங்கள் விதி தண்டிப்பது முதல் டாக்டரை. இரண்டாவது டாக்டரை அது தொடவே முடியாது. அவர் எங்கேயும் மறுக்கவில்லையே! மதம் என்ற வார்த்தையை வாயால் சொல்லவே இல்லையே! ரத்தப் பரிசோதனை சொன்னார், ஸ்கேன் சொன்னார், கையெழுத்துக் கேட்டார், மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சீட்டில் எழுதியிருப்பது எல்லாம் மருத்துவம். 'மத காரணத்தை மட்டும்' என்கிறது விதி. கூட ஒரு சின்னக் காரணம் சேர்த்துக்கொண்டால் போதும். 'திறமை இல்லை என்று நினைத்தால்' என்கிறது. எனக்குக் கை பழக்கமில்லை என்றால் முடிந்தது. 'மருத்துவத் தேவை இருக்கும்போது' என்கிறது. தேவை உண்டா இல்லையா என்று முடிவு செய்வதும் அதே டாக்டர்தான்.

நம் கருக்கலைப்புச் சட்டத்தின் அமைப்பே இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. 1971 சட்டத்தில் டாக்டரின் மனசாட்சிக்கு விலக்குத் தரும் பிரிவு எதுவும் கிடையாது. அதே நேரம், பெண் கேட்டால் செய்துகொடுக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. இந்தக் காரணம் பொருந்துகிறது என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம் என்றுதான் சொல்கிறது. 2021-இல் திருத்தினார்கள்: 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர். வாரங்கள் கூடியது நல்லதுதான். ஆனால் எல்லாம் நடப்பது டாக்டரின் மனதுக்குள்ளே. அந்த மனதில் சாமி இருந்தால் என்ன செய்வது என்று சட்டமும் கேட்கவில்லை, நாங்களும் கேட்க முடியாது.

2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்பதுதான் செய்தியில் பெரிதாக வந்தது. தம்பி மகள் உள்ளே இருந்து இன்னொன்றை எடுத்துக் காட்டினாள். குடும்பத்தார் சம்மதம், அந்தத் தாள், இந்தத் தாள் என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் கேட்கக் கூடாது என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த அந்த மனிதரின் கையெழுத்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் உங்கள் விதிமுறையிலேயே 7.15-க்கு அடுத்து 7.16 இருக்கிறதே, மலடாக்கக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று. டாக்டர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய.

அதற்காக, மனசாட்சியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வா என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பயிற்சிக் காலத்தில் முதல் முறை, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-க்குப் பக்கத்தில் நின்ற அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்புதான் எனக்கு ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அப்போது யாராவது "உனக்கு இஷ்டமா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, பழகிக்கொண்டேன். மனசாட்சி என்று பேசும்போது எல்லோரும் டாக்டரின் மனசாட்சியைத்தான் பேசுகிறார்கள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகும் ஆயாவுக்கு ஒன்று இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

மதம் ஆஸ்பத்திரியைக் கட்டியும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. வந்த கதையை எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்வார்கள். 1890-களில், திண்டிவனத்தில் பெற்றோரைப் பார்க்க வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இரவுதான் அவரை டாக்டராக்கியது. 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கினார். அந்த மூன்று பெண்களைச் சாகவிட்டது ஆசாரம். அந்த ஐடாவைத் திரும்பக் கொண்டுவந்து கட்டில் போட வைத்ததும் பக்திதான். இரண்டும் ஒரே வீட்டுத் திண்ணையில் நடந்திருக்கிறது. அதனால் மதம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடச் சொன்னேன். ஒன்று தேட வேண்டியே இருக்கவில்லை. பேப்பரில் படித்து அழுதது. 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் இறந்த சவிதா ஹலப்பனவர். கர்நாடகாவின் பெலகாவிக்காரர், பல் டாக்டர், 31 வயது. 17 வாரத்தில் கரு கலையத் தொடங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிள்ளை தங்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, அதனால் முடியாது என்றார்கள். 'இது கத்தோலிக்க நாடு' என்று ஒரு மருத்துவச்சி சொன்ன வார்த்தை பிறகு விசாரணையிலும் வந்தது. 21-ஆம் தேதி சேர்ந்தவர் 28-ஆம் தேதி ரத்தத்தில் கிருமி பரவி இறந்தார். அங்கே மறுத்தது ஒரு டாக்டரின் மனசாட்சி இல்லை, நாட்டின் சட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது ஒரு மதத்தின் மனசாட்சிதான்.

அந்த அயர்லாந்து 2018 மே மாதம் வாக்கெடுப்பு வைத்தது. நூற்றுக்கு 66 பேர் பழைய தடையை நீக்கச் சொன்னார்கள். அதே வருடம் புதுச் சட்டம் வந்தது. அதில் மனசாட்சிப்படி மறுக்க டாக்டருக்கும் நர்ஸுக்கும் உரிமை கொடுத்திருக்கிறார்கள்! இவ்வளவு பட்ட பிறகும் கொடுத்திருக்கிறார்கள். கூடவே இரண்டு கட்டு: மறுப்பவர், தாமதம் இல்லாமல் வேறு டாக்டருக்கு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் மறுப்பே கிடையாது. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டர் 1991-இல் யாரும் சொல்லாமலே செய்தது இதைத்தான்.

மறுப்பவர்கள் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி இருக்கிறது. 1978-ஆம் வருடத்து 194-ஆம் எண் சட்டம் கருக்கலைப்பையும் அனுமதித்தது, டாக்டர் மறுப்பதையும் அனுமதித்தது. அண்மைக் கணக்குகளின்படி அந்த நாட்டின் மகப்பேறு டாக்டர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மறுப்பவர்கள். எல்லோரும் பக்தியால் மறுக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. மறுக்கிறவருக்கு வேலை குறைவு; மறுக்காதவர் தலையில்தான் எல்லாம் விழும், கெட்ட பெயரும் சேர்த்து. நம் ஊரில் மட்டும் வேறு மாதிரி நடக்குமா என்ன? ஸ்வீடன் நேர் எதிர். அங்கே அப்படி ஒரு உரிமையே கிடையாது. கருக்கலைப்பில் பங்கெடுக்க மாட்டேன் என்ற இரண்டு மருத்துவச்சிகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2020-இல் அவர்கள் மனு விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. பிரிட்டனில் 1967-ஆம் வருடச் சட்டம் மறுக்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அது நேரடியாகக் கை வைக்கும் வேலைக்கு மட்டும்தான், வார்டில் மேற்பார்வை பார்ப்பதற்கும் டூட்டி போடுவதற்கும் பொருந்தாது என்று 2014-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவும் மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அது எவற்றுக்குக் கட்டுப்பட்டது என்று மூன்றைச் சொல்கிறது: பொது அமைதி, ஒழுக்கம், மக்கள் நலவாழ்வு. மூன்றாவதை யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எழுதிப் போட வேண்டிய வார்த்தை அது.

இதுவரை ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்பதைப் பற்றி எழுதினேன். ஆளையே பார்க்க மாட்டேன் என்பது வேறு. அதற்கு நான் ஒரு அங்குலமும் இடம் கொடுக்க மாட்டேன். 2020 ஏப்ரலில், கொரோனா பயத்தின் உச்சத்தில், மீரட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பேப்பரில் விளம்பரமே கொடுத்தது, முஸ்லிம் நோயாளிகள் தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவோடுதான் வர வேண்டும் என்று. போலீஸ் வழக்குப் போட்டது. ஆஸ்பத்திரி வருத்தம் தெரிவித்தது. விளம்பரம் கொடுத்ததால் மாட்டிக்கொண்டார்கள். விளம்பரம் கொடுக்காமல் 'பெட் காலி இல்லை' என்பவர்களை யார் பிடிப்பது? 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில்தான் நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்த நோயாளிகளைத் தொட டாக்டர்களே பயந்தார்கள்! பயம் பாதி. 'தப்பு செய்தவனுக்கு வந்த தண்டனை' என்ற நினைப்பு மீதி. அதற்கு 2017-இல் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. திருநங்கைகளுக்கு 2019-இல் இன்னொன்று. இரண்டிலும் சிகிச்சை மறுப்பது பாகுபாடு என்று எழுதியிருக்கிறது. விபத்தில் அடிபட்டவரை 'போலீஸ் கேஸ், 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ' என்று திருப்பி அனுப்பி, வழியிலேயே உயிர் போன வழக்கில், உயிரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

நீங்கள் 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி புது நடத்தை விதிகளை வெளியிட்டு, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற ஜெனரிக் மருந்துச் சண்டை கிளம்பியதும் அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்தி வைத்தீர்கள். பழைய 2002 விதிகளே திரும்ப வந்தன. எப்படியும் மறுபடி எழுதத்தான் போகிறீர்கள். அப்போது 7.15-ஐ அப்படியே நகல் எடுத்து ஒட்டாதீர்கள் என்பதுதான் என் மனு.

ஒரு டாக்டருக்கு ஒரு சிகிச்சை மனதுக்கு ஒப்பவில்லை என்றால், வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்லட்டும். அரசு டாக்டர் என்றால் மாவட்ட சுகாதார இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீஸில், தனியார் என்றால் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம். அதைச் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டினால் அதைப் படித்துவிட்டு உள்ளே நுழையும் பெண்ணை வாசலில் நிற்பவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். கூட்டிக்கொண்டு வரும் செவிலியருக்கும் ஓ.பி. சீட்டுப் போடுபவருக்கும் தெரிந்தால் போதும். எழுதிக் கொடுத்தவரைப் பதவி உயர்விலோ மாறுதலிலோ பழிவாங்கக் கூடாது. எழுதிக் கொடுக்காமல் நாள் கடத்தியவருக்குத்தான் தண்டனை. மறுத்தால் அன்றைக்கே, அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள், யாரிடம் எங்கே எப்போது போக வேண்டும் என்று எழுதி, அங்கே போன் போட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். 'மேல் ஆஸ்பத்திரிக்குப் போகவும்' என்று கிறுக்கிக் கொடுப்பது அனுப்புவது ஆகாது. வேறு டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் விலக்கு கேட்கக் கூடாது. கேட்பவரை அங்கே போஸ்டிங் போடவும் கூடாது. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண் முன்னால் யாருக்கும் விலக்கு கிடையாது. கலைத்துவிட்டு வந்தவள் என்பதால் காக்க வைப்பதும் மறுப்புத்தான், அதையும் எழுதிச் சேருங்கள்.

இப்படி எழுதினால் மறுப்பவர்கள் பெருகிவிடுவார்கள், இத்தாலி ஆகிவிடும் என்று தம்பி மகள் சண்டைக்கு வருகிறாள். ஸ்வீடன் மாதிரி ஒரே வரியில் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மறுக்க முடியாது என்று 2002-லேயே, உங்களுக்கு முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் காலத்தில், எழுதியாகிவிட்டது, அந்த டாக்டரம்மா 2010-இல் என்ன செய்தார் என்று நான் பார்த்துமாகிவிட்டது. காகிதத்தில் இல்லாத மறுப்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவாவது வழி செய்யுங்கள். ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் மறுக்கிறார்கள் என்று கணக்குத் தெரிந்தால்தானே மறுக்காத ஒருவரை எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

அந்த டாக்டரம்மா மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவரும் மாட்டிக்கொண்டவர்தான் என்று தோன்றுகிறது. 'என்னால் முடியாது' என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு இடம் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். சிஸ்டருக்குச் சபை பின்னால் நின்றது. இவருக்கு யாரும் இல்லை. மேலதிகாரிக்குப் பயந்து, சாமிக்கும் பயந்து, நடுவில் ஒரு ஏழைப் பெண்ணின் நாட்களைத் தின்றுவிட்டார்.

சூளைப் பெண் இப்போது பேரன் எடுத்துவிட்டாள். போன வாரம் சந்தையில் பார்த்தேன். இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன், உன் கதையும் வரும், பெயர் போட மாட்டேன் என்றேன். "எழுதுங்க நர்ஸம்மா, ஆனா அந்த நாலு நாள் கூலியையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். 2010-இல் சூளையில் அவளுக்கு ஒரு நாள் கூலி 120 ரூபாய். எழுதிவிட்டேன்.

உங்கள் பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருத்தி